பயப்பட ஒரு பட்டம்

மார்லிஸ் ஜேடனைப் போலப் பயப்படத் தெரிந்தவர் அயோவா மாநிலத்து டிமொய்ன் நகரத்தில் வேறு யாரும் இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புவாள். பனிக்காலத்தில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வாள், கார் தண்ணீருக்குள் பாய்ந்தால் வெளியே வர ஒரு வழி வேண்டுமே என்று. அவள் கணவன் லோவல் கல்யாணமான நாளிலிருந்து காது விறைத்துப்போய் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறான். "தண்ணியில முழுகறதுக்கு முன்னாடி நான் குளிர்லயே போயிருவேன்டி" என்பான். அவள் கண்ணாடியை ஏற்ற மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு அயோவாவில் பொருத்தமான வேலை ஒன்றே ஒன்றுதான், அது அவளுக்குக் கிடைத்தும் விட்டது. வால்நட் ஃபோர்க் மியூச்சுவல் என்ற பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் அவள் ஆக்சுவரி. எந்தப் பக்கத்துச் சோளத்தை ஆலங்கட்டி மழை அடிக்கும், யார் வீட்டுக் கூரை காற்றில் பறக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. டிமொய்னில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆக்சுவரி மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேரும் பரீட்சை எழுதியே பாதி ஆயுளைக் கரைத்தவர்கள். ஒரு பரீட்சைக்கும் அடுத்த பரீட்சைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில்தான் கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு மாற்றுவது எல்லாம். மார்லிஸ் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பரீட்சைகளைப் பாதியில் விட்டவள். புத்தகங்களைக் கட்டி கராஜில் ஏற்றிவிட்டு, இந்த ஜென்மத்தில் இனி பரீட்சை ஹால் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று லோவலிடம் சொல்லியிருந்தாள்.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் வெர்லின் டைக்ஸ்ட்ரா அவள் மேஜைக்கு வந்து நின்றார். வெர்லின் கம்பெனியின் தலைமை ஆக்சுவரி. பெல்லா ஊர் டச்சுக்காரர், நெட்டை, வெள்ளை மீசை, குளிர்காலம் கோடைகாலம் என்று பார்க்காமல் ஒரே பச்சை ஸ்வெட்டர். வராந்தாவில் சர்ச் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வந்தால் இளசுகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

"மார்லிஸ், நான் இன்னும் எவ்வளவு நாளம்மா இங்க உக்காந்திருக்க முடியும்? எனக்கப்புறம் இந்த ரிஸ்க் வேலையைப் பாக்க ஒரு ஆள் வேணும். நீ அந்த ரிஸ்க் பட்டத்தை வாங்கிடு."

"நானா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? காப்பி மெஷினைப் பாத்தாலே பயப்படறவ நான்."

"அதான் உன்னைக் கேக்கறேன். உன்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஊர்ல மத்தவங்க எல்லாம் நிம்மதியாத் தூங்கணும்னா யாராவது ஒருத்தர் பயந்துக்கிட்டே இருக்கணும்மா. அதுக்குத்தான் சம்பளம்."

அந்தப் பட்டம் ஆக்சுவரிகளுக்கென்றே உள்ள ஒன்று. ஒரு வயல், ஒரு கூரை என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவதை மற்றப் பரீட்சைகள் சோதித்துவிடும். இது முழுக் கம்பெனியையும் பார்க்கச் சொல்கிறது. எது எதோடு சேர்ந்தால் கம்பெனியே குப்புற விழும், அது வருவதை யார் பார்க்க வேண்டும், பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் பாடம். புத்தகத்தைத் திறந்த முதல் நாளே மார்லிஸ் திடுக்கிட்டாள். அவள் இத்தனை காலமும் தனியாகப் பட்ட பயங்களை எல்லாம் யாரோ அத்தியாயம் பிரித்து எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் தடவை எழுதினாள். பத்துக்கு ஆறு வந்தால் தேர்ச்சி, அவளுக்கு ஐந்து வந்தது. இரண்டாவது தடவையும் ஐந்து. ஐந்தை விடக் கொடிய மார்க் அந்தத் தொழிலில் கிடையாது. இரண்டு வாங்கியவன் தலையில் அடித்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பான். ஐந்து வாங்கியவள் எந்த வரியில் அந்த ஒரு மார்க் போயிற்று என்று குளிக்கும்போதும் சமைக்கும்போதும் யோசித்துக்கொண்டே இருப்பாள்.

வால்நட் ஃபோர்க்கில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை முடிவு வரும் காலையில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் திரையைப் பார்த்தபடி மும்முரமாக வேலை செய்வதுபோல நடிப்பார்கள். மறுநாள் யார் பெல்லா பேக்கரியில் பாதாம் ரொட்டி வாங்கிவந்து காப்பி மேஜையில் வைக்கிறார்களோ அவர்கள் தேறியவர்கள். வைக்காதவர்களிடம் குளிர் எப்படி, ரோட்டில் பனி எப்படி என்று ஊர்ப்பட்ட கதை பேசுவார்கள். இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அது வலிக்கிற இடத்தைத் தொடவே தொடாது. புண் சீழ் பிடித்தாலும் தொடாது. இரண்டு முறை மார்லிஸ் அந்த மேஜையைக் கடந்து தலையைக் குனிந்தபடி போனாள், இரண்டு முறையும் எல்லோரும் அவளிடம் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாவது தடவைக்கு வெர்லினே அவளைத் தயார் செய்தார். போகும்போதும் வரும்போதும் அவள் மேஜையில் விரலால் தட்டி ஒரே கேள்வியைப் போடுவார். "சரி, கம்பெனி செத்துப்போச்சு. முன்னாடியே யாருக்குத் தெரிஞ்சிருந்தது?" அவள் ஒரு சாவைக் கற்பனை செய்து, அதை முதலில் மோப்பம் பிடித்திருக்க வேண்டியது யார் என்று சொல்ல வேண்டும். காலையில் கேட்பார். காப்பி வேளையில் திரும்பக் கேட்பார். மதியம் லிஃப்டில் பார்த்தால் முதல் தடவை கேட்பவர் மாதிரி புருவத்தை உயர்த்திக் கேட்பார். சில நாள் அவள் சொன்ன பதிலையே மறுபடி சொன்னாலும் "பலே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். மனுஷன் எலும்பில் இறங்கும்வரை விடமாட்டார் போலிருக்கிறதே என்று மார்லிஸ் நினைத்தாள். பரீட்சைக்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதற்குப் பயிற்சி என்று பெயர்.

அந்தத் தடவை தேறிவிட்டாள். திரையில் ஆறைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் ரொட்டிப் பெட்டிகளைச் சுமக்க முடியாமல் சுமந்துவந்து மேஜையில் அடுக்கினாள். ஓடிவந்து முதலில் கட்டிக்கொண்டவள் பக்கத்து மேஜை எமினா. போஸ்னியாவிலிருந்து பிள்ளையாக வந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவள், பரீட்சைகளை ஊதித் தள்ளுகிறவள். வெர்லின் இரண்டு ரொட்டி தின்றார். எல்லோருக்கும் முன்னால் அவள் கையைப் பிடித்து உயர்த்தி, "என் பயந்தாங்கொள்ளி ஜெயிச்சுட்டா!" என்று கத்தினார்.

அதற்கு மறுநாள் காலையில் மிச்சமிருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தார். மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. விரலால் தட்டினார்.

"என்னம்மா, பரீட்சை எப்போ?"

மார்லிஸ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் குறும்பு ஏதாவது தெரிகிறதா என்று அவள் தேடினாள். அங்கே அக்கறை மட்டும்தான் இருந்தது.

"முடிஞ்சுது வெர்லின்" என்றாள்.

"அப்படியா? சரி சரி" என்று அவர் தாராளமாகத் தலையாட்டிவிட்டுச் சீட்டியடித்தபடி போனார்.

அன்றிலிருந்து அவள் அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போயிற்று. கணக்கில் அவரை அசைக்க முடியவில்லை, பழைய வருஷங்களின் மழையை எல்லாம் இடம் சுட்டிச் சொன்னார். நேற்றைய கூட்டம்தான் நினைவில் இல்லை. கூட்டங்களில் ஒரே கதையை இரண்டு முறை சொன்னார், எல்லோரும் இரண்டு முறையும் சிரித்தார்கள். வயசானால் எல்லோரும் இப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பரீட்சைப் புத்தகம் அவளை விட்டால்தானே. எல்லோருக்கும் பழகிப்போன அறிகுறியைத்தான் யாரும் அறிகுறி என்று எண்ண மாட்டார்கள் என்று அதில் ஒரு அத்தியாயமே இருந்தது.

பிப்ரவரியில் மினியாப்பொலிஸிலிருந்து கென்ட் என்கிற தரகன் போன் செய்தான். காப்பீட்டுக் கம்பெனிக்கே காப்பீடு வாங்கித் தருவது அவன் தொழில். ஆலங்கட்டி மழை ஒரு அளவுக்கு மேல் அடித்தால் மிச்ச நஷ்டத்தை வெளியே ஒரு பெரிய கம்பெனி ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு காப்பு வாங்குவது என்பதை வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் வெர்லின்தான் போனில் சொல்லுவார்.

"மார்லிஸ், ஒண்ணும் பெரிசா இல்ல. வெர்லின் திங்கக்கிழமை கூப்பிட்டு, போன வருஷத்தை விட அதிகமா வாங்குன்னார். நேத்துக் கூப்பிட்டு, பாதி போதும்னார். ரெண்டு தடவையும் அதே மீன் ஜோக். எதை எடுத்துக்கறது?"

"நீ அவர்கிட்டயே கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? மனுஷன் தப்பா நினைச்சுட்டா? நீ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன், தாயே."

போனை வைத்துவிட்டு அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பாதி போதும் என்று வாங்கி, கோடையில் ஒரு நாள் மழை பெரிதாக அடித்தால் கம்பெனி அந்த இலையுதிர் காலத்தைப் பார்க்காது. சோளம் போன குடியானவர்கள் நஷ்ட ஈட்டுச் செக்குக்காகத் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்த மாதக் கடைசியில் கம்பெனியின் ரிஸ்க் அறிக்கை அரசாங்கத்துக்குப் போக வேண்டும், அதில் வெர்லினின் கையெழுத்துக்குக் கீழே முதல் முறையாக அவள் கையெழுத்தும் பட்டத்தோடு இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னதாக ஆகும்.

சாப்பாட்டு மேஜையில் லோவலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பேசாம இருந்துடேன்" என்றான் லோவல். "வேற யாராவது கவனிக்காமலா இருப்பாங்க?"

"எல்லாரும் கவனிச்சிருக்காங்க லோவல். அதான் பயமா இருக்கு."

பட்டம் கைக்கு வருமுன் தொழில் ஒழுக்க வகுப்பு ஒன்றில் அவளை ஒருநாள் பூராவும் உட்கார வைத்திருந்தார்கள். ஆறிப்போன சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். இப்போது அதில் ஒரு விதி முள்ளாகக் குத்தியது. சக ஆக்சுவரி ஒருவர் வேலையில் தவறுகிறார் என்று தெரிந்தால் முதலில் அவரிடமே பேச வேண்டும். அதில் தீராவிட்டால் மேலே சொல்ல வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் சும்மா இருந்தவர் மேல் குற்றம். வகுப்பில் இது எவ்வளவு எளிதாகக் கேட்டது!

வெள்ளிக்கிழமை மதியம் கட்டடங்களை இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கீழே தெருவில் பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது. பாலத்தின் நடுவில் நின்று, கென்ட் சொன்னதையும் பரீட்சை எப்போ என்று அவர் கேட்டதையும் சொல்லி முடித்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"போன மாசம் வீட்டுக்குப் போற வழி தெரியாம ஏம்ஸ் ஊர் வரைக்கும் கார் ஓட்டிட்டுப் போயிட்டேன்" என்றார். "அதுலேருந்து ட்ரூடிதான் காரை ஓட்டறா. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கறதே இல்ல."

ட்ரூடி அவர் மனைவி. மார்லிஸ் அவர் தோளில் கையை வைத்தாள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"திங்கக்கிழமை நானே ப்ரெண்டுகிட்டச் சொல்லிடறேன்" என்றார். ப்ரெண்ட் கம்பெனியின் தலைவர். "நானாச் சொன்னதா இருக்கட்டும். அந்த ஒரு மரியாதையை மட்டும் எனக்கு விடும்மா."

"கண்டிப்பா வெர்லின்."

அந்த சனி ஞாயிறு மார்லிஸ் நிம்மதியாக இருந்தாள். பாலத்தைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கூட வைத்தாள். லோவல் அதிசயமாகப் பார்த்தான்.

திங்கட்கிழமை வெர்லின் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். சீட்டியடித்துக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அன்று மாலை அவள் அவர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"ப்ரெண்டுகிட்டப் பேசிட்டீங்களா வெர்லின்?"

"எதைப் பத்தி?"

அவர் முகம் மலர்ந்து, உதவத் தயாராக இருந்தது. பாலத்தில் நின்று அழுதது அவளுக்கு மட்டுமே நடந்ததாக ஆகிவிட்டது. அவரிடம் முதலில் பேசு என்று விதி சொல்கிறது, பேசியாயிற்று. ஆனால் அதைக் கேட்டவர் இப்போது அங்கே இல்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லி, மறுபடி அந்த நெற்றி கண்ணாடியில் சாய்வதைப் பார்க்க வேண்டுமா? நாளை மறுபடியுமா? "ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துவிட்டு ஓடிவந்தாள். அப்படி ஓடிவந்ததற்காக அன்று ராத்திரி முழுக்கத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை இழவுச் சாப்பாடு. ரிஸ்க் அறிக்கை போகுமுன் வருஷாவருஷம் வெர்லின் நடத்துகிற வழக்கம் அது, பெயரும் அவர் வைத்ததுதான். லூத்தரன் சர்ச்சில் அடக்கம் முடிந்ததும் என்ன பரிமாறுவார்களோ அதையே வைப்பார்கள். பன்றிக்கறி வைத்த பன், தளதளவென்று பச்சை ஜெல்லி, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. கம்பெனி செத்துவிட்டது, நாமெல்லாம் துக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் அது எப்படிச் செத்தது என்று ஒரு சாவைச் சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது, அதெல்லாம் நடக்காது என்று தட்டிக் கழிக்கக் கூடாது. ஒவ்வொரு சாவுக்கும் வெர்லின் தன் ஒற்றைக் கேள்வியைக் கேட்பார். அவர் சாவு எப்போதும் கடைசியில்.

உருளைக்கிழங்கை எப்போதும் ட்ரூடி வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவாள். இந்த முறை அவளே சூடான தட்டைத் துணியில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் வந்தாள். "வண்டி ஓட்டிட்டு வந்தேன், அப்படியே இருந்துட்டுப் போறேனே" என்று ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ட்ரூடி ஆபீசுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அவளிடம் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

வெர்லின் எழுந்தார். தன் விதியைத் தானே மீறி முதலில் தன் சாவைச் சொன்னார். "ஜூலை மாசம். வாத்து முட்டை சைசுல ஆலங்கட்டி. அதே மத்தியானம் நியூயார்க்ல எவனோ தும்மி நாம பணம் போட்ட பாண்டெல்லாம் விழுந்துபோச்சு. எனக்குப் போன் மேல போன். நான் எங்க? மினசோட்டா ஏரியில. போனை மீன் முழுங்கிடுச்சு. கேட்டா, அந்த மீனுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லையாம்!" எல்லோரும் சிரித்தார்கள். ப்ரெண்ட் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

பிறகு சுற்று ஆரம்பித்தது. நஷ்ட ஈட்டுப் பிரிவு ரஸ், திருடர்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பூட்டிவிட்டதாகச் சொன்னான். எமினா, விதைக் கம்பெனிகள் தாங்களே காப்பீடு விற்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். "முன்னாடியே யாருக்குத் தெரிஞ்சிருந்தது?" என்று வெர்லின் இருவரையும் மடக்கி மடக்கிக் கேட்டார். அதில் அவர் பழைய வெர்லினேதான். மார்லிஸ் ஆபத்தில்லாத ஒரு சாவைத் தயாராக வைத்திருந்தாள், ஆற்று வெள்ளம், அலுவலகக் கட்டடம், அவ்வளவுதான். தட்டில் இருந்த பன்னை அவள் தொடவில்லை.

அவள் முறை வந்தது. வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்மா, மார்லிஸ்" என்று வெர்லின் கையை உயர்த்தினார். "நான் என்னோடதைச் சொல்லிடறேன், இல்லேன்னா மறந்துருவேன். ஜூலை மாசம். வாத்து முட்டை சைசுல ஆலங்கட்டி..."

அதே வார்த்தை, நியூயார்க் தும்மலுக்கு முன்னால் அதே நிறுத்தம். மீன் வந்தது. அந்த மீனுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதே இடத்தில், அதே அளவுக்குச் சிரித்தார்கள். ப்ரெண்ட் மேஜையைத் தட்டினார். ட்ரூடி மட்டும் மடியில் இருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பயந்ததுபோல எதற்கும் பயந்ததில்லை. இத்தனை நல்ல மனிதர்கள் ஒரு மனிதரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் மூழ்குவதைப் பார்த்தபடி, மரியாதைக்காகச் சிரிக்கிறார்கள். அவளும் பழக்க தோஷத்தில் பாதி சிரித்திருந்தாள். அது அவள் முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப நீ சொல்லு" என்றார் வெர்லின்.

எழுந்து நின்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பெனி மரியாதையால செத்துச்சு" என்றாள். "நாம எல்லாரும் ஒருத்தரை ரொம்ப நேசிச்சோம். அவருக்கு ஞாபகம் நழுவிக்கிட்டிருந்தது. கோடைக்கு எவ்வளவு காப்பு வாங்கணும்னு ஒருநாள் ஒண்ணு சொன்னார், மறுநாள் வேற சொன்னார். யாரும் அவர்கிட்டத் திருப்பிக் கேக்கல. ஆலங்கட்டி வந்தது. செத்துப்போச்சு."

ரஸ் தன் தட்டில் இருந்த ஜெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லின் முன்னால் சாய்ந்தார். நல்ல விடைத்தாளைக் கண்ட வாத்தியாரின் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

"பலே. முன்னாடியே யாருக்குத் தெரிஞ்சிருந்தது?"

"எனக்கு" என்றாள். அழுகை வந்துவிட்டது, துடைக்கவில்லை. "எனக்குத் தெரியும் வெர்லின். நான் பாஸாகி ரொட்டி வாங்கிவந்த மறுநாள், பரீட்சை எப்போன்னு கேட்டீங்க. போன வெள்ளிக்கிழமை பாலத்துல நின்னு நாம ரெண்டு பேரும் இதைப் பேசினோம். நீங்களே ப்ரெண்டுகிட்டச் சொல்றேன்னீங்க. உங்களுக்கு அது ஞாபகம் இல்ல. இப்பக்கூட அந்த மீன் கதையை ரெண்டாவது தடவையாச் சொன்னீங்க. நாங்க சிரிச்சோம்."

வெர்லின் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவராவது இல்லை என்று சொல்வார்களா என்று தேடினார். ஒவ்வொரு முகமும் கவிழ்ந்தது. கடைசியில் ட்ரூடியைப் பார்த்தார்.

"நிஜந்தாங்க" என்றாள் ட்ரூடி. "ஞாயித்துக்கிழமை சர்ச்லயும் இப்படித்தான் எல்லாரும் சிரிக்கறாங்க. வீட்டுக்கு வந்து நான் மட்டும் அழறேன்."

அவர் எழுந்து போய்விடுவாரோ, கத்துவாரோ, அந்தப் பெரிய உடம்பு அப்படியே சாய்ந்துவிடுமோ என்று மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மேஜையில இத்தனை வருஷத்துல சொன்னதுலயே இதான் சரியான சாவு" என்றார். "எமினா, நீ இதை எழுதிக்கோம்மா. எனக்கு மறந்துடும்."

எமினா பேனாவை எடுத்தாள். ப்ரெண்ட் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கையைப் போட்டார். ஒருவரும் பனியைப் பற்றிப் பேசவில்லை.

அன்று மதியமே கென்டுக்குப் போன் போயிற்று. போன வருஷத்தை விட அதிகமாகவே வாங்கும்படி மார்லிஸ் சொன்னாள், ப்ரெண்ட் பக்கத்தில் நின்று கேட்டார். அறிக்கையில் ஒரே கையெழுத்துதான் இருக்கும் என்றும் முடிவாயிற்று. அந்த ஒரே கையெழுத்து தன்னுடையது என்று நினைத்தபோது அவளுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. தனக்கு இப்படி ஒருநாள் வந்தால் யார் சொல்லுவார்கள்? எமினா சொல்லுவாளா, சிரிப்பாளா?

ட்ரூடி காலித் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெர்லின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் வராந்தாவில் நடந்து வந்தார். மார்லிஸ் அவர் வருவதைப் பார்த்ததும் நாற்காலியில் குறுகிப்போனாள். என்ன முகத்தோடு அவரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் அவள் மேஜையில் நின்றார். விரலால் தட்டினார்.

"என்னம்மா மார்லிஸ், பரீட்சை எப்போ?"

ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள். மார்லிஸ் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது வெர்லின். நான் பாஸாயிட்டேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ரொட்டி வைத்த அன்று அவள் கையைத் தூக்கிக் கத்தினாரே, அதே மலர்ச்சி.

"அடேயப்பா! அப்ப நான் வீட்டுக்குப் போகலாம்" என்றார். "இனிமே நீ பயந்துக்கோ."

"பயந்துக்கறேன்" என்றாள் மார்லிஸ். லிஃப்ட் கதவு மூடுகிறவரை அவர் சீட்டியடிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள் உட்கார்ந்து, அறிக்கையில் தன் பெயரை எழுதினாள்.